அந்தக் கழனி அவுருக்குக் கெடச்சிதா?

எங்கள் அப்பா உபதேசியார். சம்பளம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் வராது. மாசத்துக்கு ஒரு முறை வருகிற போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் ஜெபம் நடத்துவார், பிரசங்கம் செய்வார். மற்ற ஆறு நாளும் கழனி வேலை. வேதத்தைப் பிடிக்கிற கையிலேயே மண்வெட்டிக் காய்ப்பும் இருக்கும்.

அவர் அதிகமாக வேலைக்குப் போனது ஏரிக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் கழனிக்கு. அது எங்கள் கழனி. எங்கள் கழனியிலேயே எங்கள் அப்பா கூலி.

சேரியில் அதை டி.சி. நெலம் என்பார்கள். பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு போட்ட உத்தரவின் வழியாக வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கொடுக்கலாம், வேறு யாருக்குக் கொடுத்தாலும் செல்லாது. இவ்வளவு தெளிவான நிபந்தனை. அப்படியிருந்தும் பெரியப்பா உடம்பு முடியாமல் கிடந்தபோது ஊர்க்காரர் ஒருத்தர் கொடுத்த பணத்துக்கு ஒரு கைநாட்டில் போய்விட்டது. காகிதம் மட்டும் ஆயாவிடம் இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தாள். யாரையும் தொட விடமாட்டாள்.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் எங்கள் சேரியிலும் பானையையும் பெட்டியையும் கிளறினார்கள். அறுபது வீட்டில் பதினோரு வீட்டில் காகிதம் கிடைத்தது. எங்களுடையது ஒன்று.

1996 ஜமாபந்திக்கு அப்பா மனு எழுதிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன், மனுவின் கையெழுத்து என்னுடையது. அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவின் பேரைப் பார்த்தார்.

"கிறிஸ்டியனா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நீங்க பி.சி. இது எஸ்.சி.க்குக் குடுத்த நெலம். நீங்க எப்படிக் கேக்கறீங்க?"

"எங்க தாத்தாவுக்குக் குடுத்ததுங்க."

"தாத்தா எப்ப கிறிஸ்டியனா ஆனாரு? எதுனா சர்ட்டிபிகேட் இருக்குதா?"

அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிலத்தை வைத்திருக்கிறவரும் எஸ்.சி. இல்லையே. அவரிடம் இருபது வருஷமாக யாராவது சர்ட்டிபிகேட் கேட்டார்களா? கேட்க வேண்டிய இடத்தில் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. நமக்குப் பதில் எப்போதும் பஸ்ஸில்தான் வருகிறது.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை. சிம்னி விளக்கில் குடும்ப ஜெபம். அப்பா எரேமியா 32ஆம் அதிகாரத்தைத் திறந்தார். எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்திருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறான். அந்த நேரம் பார்த்து அவனுடைய தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உன்னுடையது என்கிறான். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறான். சாட்சி வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் பாருக்கு கையில் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான். நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்பது அவனுக்குக் கிடைத்த வாக்கு.

அப்பா படித்து முடித்தார். ஆயா சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"அந்தக் கழனி அவுருக்குக் கெடச்சிதாடா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜெபம் பண்லாம்மா" என்றார்.

1

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பல வருஷமாக அலைந்திருக்கிறேன். ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் தீர்க்கதரிசனப் புத்தகங்களைப் பற்றி நான் படித்த எந்தப் பெரிய விளக்கவுரையும் அவள் கேட்ட இடத்தில் நேராகக் கையை வைக்கவில்லை.

கெடைக்கல ஆயா. பதில் இதுதான்.

கி.மு. 587 வாக்கில் நகரம் விழுந்தது. ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே நடந்து போகிற தூரம்தான். எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாள் ஏர் பூட்டியதாகப் புத்தகத்தில் இல்லை. கடைசியில் அவனுடைய சொந்த ஜனங்களே அவனை இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். திரும்பி வந்ததாக வேதத்தில் இல்லை. அந்த மண்பாண்டத்தை யார் திறந்தார்கள் என்றும் இல்லை. பதினேழு சேக்கல் என்பது நம் கணக்கில் சுமார் இருநூறு கிராம் வெள்ளி. அது போனது போனதுதான்.

இதே மாதிரி இன்னொரு கதை உண்டு. 1961இல் சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில் யிகாயேல் யாதீன் என்கிற தொல்லியல் அறிஞர் தோல் பை ஒன்றைக் கண்டெடுத்தார். பாபத்தா என்கிற யூதப் பெண்ணின் பை. உள்ளே முப்பத்தைந்து பத்திரங்கள். பேரீச்சந்தோப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், மகனுக்கு ஒழுங்காகப் பணம் தராத காப்பாளர்மேல் போட்ட வழக்குக் காகிதம். கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக வெடித்த கலகத்தின்போது எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு குகைக்குள் ஒளிந்திருக்கிறாள். எடுத்துப் போக அவள் வரவே இல்லை. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் பத்திரம் பத்திரமாக இருந்தது, தோப்புதான் இல்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அரிசிப் பானைதான் ஞாபகம் வந்தது.

2

கோயில்களில் இந்த வாக்குத்தத்தங்களை எப்படிப் பிரசங்கிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இழந்ததை எல்லாம் கர்த்தர் திரும்பத் தருவார் என்பார்கள். எங்கே என்று கேட்டால் பரலோகத்தில் என்பார்கள். ஆமோஸ் புத்தகத்தின் கடைசி வசனங்களைப் பாருங்கள். பாழான பட்டணத்தைக் கட்டிக் குடியிருப்பது, தோட்டம் போட்டு அதன் பழத்தைத் தின்பது. ஏசாயா 65இல், ஒருத்தன் கட்டிய வீட்டில் இன்னொருத்தன் குடியிருக்க மாட்டான், ஒருத்தன் நட்டதை இன்னொருத்தன் தின்ன மாட்டான் என்கிற வாக்கு. இதில் பரலோகம் எங்கே இருக்கிறது? இது மகசூல் யாருக்கு என்கிற விவகாரம். செப்பனியா 3, மீகா 4 இரண்டிலும் நொண்டியையும் தள்ளுண்டவளையும் சேர்த்துக்கொள்வதாக வாக்கு. தள்ளிவைக்கப்பட்டவர்கள் என்றால் யார் என்று நமக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சொல்லில் முள் குத்தியது. எபிரேயத்தில் இந்த வாக்குத்தத்தங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு தொடர் உண்டு: ஷுப் ஷெபூத். பழைய மொழிபெயர்ப்புகள் இதைச் சிறையிருப்பைத் திருப்புவது என்று எடுத்துக்கொண்டன. இதே தொடர் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் யோபுக்கும் வருகிறது. யோபு எந்தச் சிறையிலும் இருந்தவன் இல்லை. அதனால், முன்பு இருந்த நல்ல நிலைக்குத் திரும்பக் கொண்டுபோய் வைப்பது என்பதே இதன் பொருள் என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள்.

யோபுக்கு அது சரி. அவனுக்கு ஏழாயிரம் ஆடும் மூவாயிரம் ஒட்டகமும் முன்னே இருந்தது. திரும்பக் கொடுத்தால் இரட்டிப்பாக வாங்கிக்கொள்வான். எங்கள் சேரிக்கு எந்த முன்னிலை? அயோத்திதாசப் பண்டிதர் இந்த இடத்தில்தான் பாடுபட்டார் என்று நினைக்கிறேன். 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கி, நாம் பூர்வ பௌத்தர்கள், நமக்கு ஒரு முன்னிலை இருந்தது, அதைப் பிடுங்கினார்கள் என்று எழுதிக்கொண்டே போனார். மீட்பு கேட்கிறவனுக்கு முன்னிலை வேண்டும். முன்னிலைக்குக் காகிதம் வேண்டும். பதினோரு வீட்டில் காகிதம் இருந்தது. மீதி நாற்பத்தொன்பது வீடு?

இந்தக் கேள்வியோடு போய் மறுபடியும் அந்தப் புத்தகங்களைத் திறந்தால், இதுவரை கண்ணில் படாத ஆட்கள் எழுந்து வருகிறார்கள்.

3

நகரத்தைக் கொளுத்திய பிறகு பாபிலோன் என்ன செய்தது? ராஜாவை, பிரபுக்களை, ஆசாரியர்களை, கைத்தொழில் தெரிந்தவர்களைக் கொண்டுபோனது. கி.மு. 597இல் ஒரு முறை, 587இல் ஒரு முறை. எல்லாரையும் இல்லை. ஒன்றுமே இல்லாத ஏழைகளைத் தேசத்தில் விட்டுவிட்டு, அந்த நாளிலேயே திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் அவர்களுக்குப் படைத்தலைவன் நேபுசராதான் கொடுத்தான் என்று எரேமியா 39இல் ஒரே ஒரு வசனம் இருக்கிறது. இரண்டாம் ராஜாக்கள் 25இலும் ஏறத்தாழ அதே செய்தி.

நான் ஞாயிறு பள்ளி தொடங்கி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். இந்த வசனத்தில் ஒருத்தரும் நிற்கவில்லை. எருசலேமுக்குக் கெட்ட நாளான அந்த நாளில் யூதேயாவின் கூலிக்காரனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக நிலம் கிடைத்திருக்கிறது. எரேமியா 40இல் அவர்கள் ஏராளமாகத் திராட்சரசமும் கோடைக் கனியும் சேர்த்ததாக வருகிறது. எரேமியாவும் பாபிலோனுக்குப் போகலாம் என்று சலுகை கிடைத்தும் போகாமல், இந்த மிச்சம் இருந்தவர்களோடு தங்கினான்.

நேபுசராதான் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு நிலம் தரிசாகக் கிடக்கக் கூடாது, வரி வர வேண்டும். வெள்ளைக்காரன் நல்லவனா என்று நம்மிடம் கேட்பார்கள், பஞ்சமி நிலம் என்று பேச்செடுத்தாலே. அவனும் நல்லவன் இல்லை. ஆனால் சொந்த ராஜாவின் ஆட்சியில் கிடைக்காத நிலம் அந்நியன் கையால் கிடைத்தது என்றால் வெட்கப்பட வேண்டியது யார்? வாங்கினவனா?

அந்த மகசூல் எத்தனை காலம் நீடித்தது? பாபிலோன் வைத்த அதிகாரி கெதலியாவை இஸ்மவேல் என்கிறவன் விருந்தில் வைத்து வெட்டிப் போட்டான். இஸ்மவேல் யார்? ராஜ வம்சத்தான் என்று வசனமே சொல்கிறது. பாபிலோன் பழிவாங்கும் என்று பயந்து பெரும் கூட்டம் எகிப்துக்கு ஓடியது. எரேமியாவை இழுத்துக்கொண்டு போனது அப்போதுதான்.

அதற்கு மேலும் மிச்சம் இருந்தவர்கள் இருந்தார்கள். பாழான இடங்களில் குடியிருந்துகொண்டு அவர்கள் பேசிய பேச்சு எசேக்கியேல் 33இல் பதிவாகியிருக்கிறது. ஆபிரகாம் ஒற்றை ஆளாக இருந்தபோதே தேசத்தைச் சுதந்தரித்தான், நாங்கள் அநேகர், எங்களுக்கு இது சொந்தம் என்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிலமில்லாதவர்கள் வாய் திறந்து ஆபிரகாமை எங்கள் பாட்டன் என்கிறார்கள்!

எசேக்கியேல் என்ன பதில் சொல்கிறான்? அவன் ஆசாரியன். 597இல் போனவர்களோடு சேர்ந்து பாபிலோனில் கேபார் நதிக்கரையில் இருக்கிறான். அங்கிருந்துகொண்டு, நீங்கள் ரத்தத்தோடு தின்கிறவர்கள், விக்கிரகத்தை நோக்குகிறவர்கள், ரத்தம் சிந்துகிறவர்கள், உங்களுக்கா தேசம் சொந்தம் என்கிறான். பட்டயத்துக்கு விழுவீர்கள் என்கிறான். குற்றப் பட்டியலில் முதலில் நிற்பது சாப்பாடு. நீ தின்கிறது சரியில்லை, அதனால் உனக்கு மண் இல்லை. இந்த வாக்கியத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

எலும்புப் பள்ளத்தாக்குத் தரிசனமும் இதே எசேக்கியேல்தான். உலர்ந்த எலும்புகள் சதை பூண்டு எழும்புகிற 37ஆம் அதிகாரம். அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. அதற்கு நான்கே அதிகாரம் முன்னால் இது இருக்கிறது. அப்பா இதைப் படித்துக் காட்டியதே இல்லை.

4

பாபிலோனில் இருந்தவர்கள் கஷ்டப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரைவிட்டு வேரோடு பிடுங்கப்படுவது சாதாரணம் இல்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று இன்றைக்குக் கொஞ்சம் தெரியும். ஜெர்மானியர்கள் பாபிலோனில் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில், யூதா ராஜா யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அரண்மனைக் கிடங்கிலிருந்து எண்ணெய் அளந்த கணக்கு இருக்கிறது. வைட்னர் என்கிற அறிஞர் 1939இல் அதை வெளியிட்டார். ராஜாவுக்கு ரேஷன். 2014இல் லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் இரண்டு பேரும் வெளியிட்ட பலகைகளில் அல்-யாகூது என்கிற ஊர் வருகிறது. யூதாப்பட்டணம் என்று சொல்லலாம். நாடுகடத்தப்பட்டவர்களின் ஊர். அரசு நிலத்தைப் பயிர் செய்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். கணக்கில் வருகிறார்கள். யூதேயாவில் மிச்சம் இருந்த கூலிக்காரனுக்கு இப்படி எந்தப் பலகையிலும் பேர் கிடையாது.

கி.மு. 539இல் பாபிலோனைப் பெர்சிய ராஜா கோரேஸ் பிடித்தான். போனவர்களில் ஒரு பகுதி திரும்பி வந்தார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறிய கதை என்று இதைத்தான் சொல்வார்கள். எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் வந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியலின் கடைசியைப் படியுங்கள். சில பேர் தங்கள் பிதாவின் வம்சத்தையும், தாங்கள் இஸ்ரவேலர்தானா என்பதையும் காட்ட முடியவில்லை. சில ஆசாரியர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிப் பார்க்கிறார்கள், அகப்படவில்லை. அவர்களைத் தீட்டு என்று ஊழியத்திலிருந்து தள்ளிவிட்டார்கள்.

தாசில்தார் ஆபீசு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. தாத்தா எப்போது கிறிஸ்தவர் ஆனார், சர்ட்டிபிகேட் இருக்கிறதா? 1950இல் ஜனாதிபதி ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். சேரியில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர். அவர்களுக்கு ஒரு சர்ட்டிபிகேட், எங்களுக்கு ஒன்று. ஊருக்குள் போகும்போது மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பேர்.

நெகேமியா வந்தது கி.மு. 445இல். அதாவது கோரேஸுக்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. அவன் புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தில் ஒரு பெரிய கூக்குரல். தானியத்துக்காக நிலத்தை அடமானம் வைத்தவர்கள், ராஜாவின் வரிக்காகக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள். பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லி அழுகிறார்கள். யார்மேல் கூக்குரல்? பாபிலோன்காரன்மேல் இல்லை. சொந்தச் சகோதரர்கள்மேல். எங்கள் உடம்பும் அவர்கள் உடம்பும் ஒன்றுதானே, எங்கள் பிள்ளையும் அவர்கள் பிள்ளையும் ஒன்றுதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். ஒரே கோயில், ஒரே பந்தி என்று சொல்லிக்கொண்டு கல்லறையில் சுவர் எழுப்புகிற இடங்களில் நின்று நாமும் இதைத்தான் கேட்கிறோம்.

நெகேமியா ஒன்று செய்தான், சொல்ல வேண்டும். கூட்டம் கூட்டி, பிரபுக்களை நிறுத்தி வைத்து, இன்றைக்கே வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்று ஆணையிட வைத்தான். எருசலேமில் நிலம் திரும்பக் கிடைத்ததாக எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு இடம் அதுதான். அது வானத்திலிருந்து விழவில்லை. ஆண்களும் அவர்கள் பெண்சாதிகளும் போட்ட கூச்சலில் வந்தது.

இவ்வளவையும் சொல்லும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தங்கள் பிரபுக்களின் வட்டிக் கணக்கையும், தள்ளிவைத்தவர்களின் பட்டியலையும், மிச்சம் இருந்தவர்களின் பேச்சையும் மறைக்காமல் எழுதி வைத்தது அந்த ஜனங்களேதான். நம் ஊர் ஸ்தல புராணங்களில் கூலிக்காரனின் கூக்குரலுக்கு ஒரு அதிகாரம் கிடைக்குமா?

5

ஏசாயா 61 நம் மேடைகளில் அதிகம் பேசப்படுகிற அதிகாரம். சிறுமைப்பட்டவர்களுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. தலித் கிறிஸ்தவ மாநாடுகளில் இதைப் படிக்காமல் ஆரம்பிக்க மாட்டார்கள். நானும் படித்திருக்கிறேன், கை தட்டியிருக்கிறேன். ஐந்தாவது வசனத்துக்கு வருவதற்குள் நிறுத்திவிடுவோம். அங்கே, அந்நியர் வந்து உங்கள் மந்தைகளை மேய்ப்பார்கள், உங்களுக்குப் பண்ணையாட்களாகவும் தோட்டக்காரராகவும் இருப்பார்கள் என்று வருகிறது.

முதல் வசனத்தில் சிறைப்பட்டவன் விடுதலை ஆகிறான். ஐந்தாம் வசனத்தில் இன்னொருத்தன் ஏர் ஓட்டுகிறான். அந்த இன்னொருத்தனின் ஆயா எந்தப் பானையில் எந்தக் காகிதத்தை வைத்திருந்தாளோ.

அரவிந்த் பி. நிர்மல் சென்னை குருகுலத்தில் தலித் இறையியலைப் பேச ஆரம்பித்தபோது, உபாகமம் 26இல் இருக்கிற இஸ்ரவேலின் விசுவாச அறிக்கையை எடுத்து, எங்கள் முன்னோர்களுக்கு நாடோடி என்று சொல்லிக்கொள்கிற அந்தஸ்துகூட இருந்ததில்லை என்கிற மாதிரி எழுதினார். அது சரியான தொடக்கம். நாம் அந்தக் கதைக்குள் தானாகவே இஸ்ரவேலர் ஆகிவிட முடியாது. எந்த வசனத்தில் நாம் சிறைப்பட்டவன், எந்த வசனத்தில் நாம் பண்ணையாள் என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும்.

நான் வேதத்தை மூடி வைத்துவிடுகிற நிலைக்கு வந்திருந்தேன். மூட விடாமல் செய்ததும் எசேக்கியேல்தான். புத்தகத்தின் கடைசியில், 47ஆம் அதிகாரத்தில், திரும்பி வந்தபின் தேசத்தை எப்படிப் பங்கு போடுவது என்று திட்டம் வருகிறது. அதன் கடைசி இரண்டு வசனம். உங்கள் நடுவில் தங்கிப் பிள்ளை பெற்றிருக்கிற அந்நியனுக்கும் சீட்டுப் போட்டுப் பங்கு கொடுங்கள். தேசத்தில் பிறந்தவன் மாதிரியே அவனுக்கும். அவன் எந்தக் கோத்திரத்தோடு குடியிருக்கிறானோ அங்கேயே கொடுங்கள்.

அவனிடம் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை. முன்னிலை கேட்கவில்லை. பழைய பத்திரம் கேட்கவில்லை. அங்கே இருக்கிறான், பிள்ளை பெற்றிருக்கிறான், அது போதும். பண்ணையாள் இல்லை, பங்காளி. ரத்தத்தோடு தின்கிறவனே என்று திட்டிய அதே வாய் சொல்கிறது. இந்தத் திட்டத்தின்படி நிலம் பிரித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. வாக்கு அப்படியே நிற்கிறது, வசூலாகாத கடன்போல.

மீட்பு என்றால் இருந்தவனுக்குத் திரும்பக் கிடைப்பது மட்டும்தான் என்று ஒரு குரல். இல்லாதவனுக்கும் பங்கு என்று ஒரு குரல். இரண்டும் ஒரே புத்தகத்தில் சண்டை போட்டுக்கொண்டு இருக்கின்றன. தீர்க்கதரிசனத்தை நம்புகிறேன் என்று இன்றைக்கு நான் சொன்னால், இரண்டாவது குரலின் பக்கம் நிற்கிறேன் என்று அர்த்தம். மற்றவர்களுக்காக நான் பேசவில்லை.

ஆயா 1999இல் போனாள். அந்த நிலத்தில் 2007இல் கல் நட்டுப் பிளாட் போட்டார்கள். அப்பா 2011இல் போனார். அடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர், உபதேசியார் இழந்ததை எல்லாம் அங்கே பெற்றுக்கொண்டார் என்று மேலே கையைக் காட்டினார். நான் கீழே ஏரிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காகிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் உறையில். 1996 மனுவின் நகலும் கூடவே இருக்கிறது. அதில் என் கையெழுத்தில், எங்கள் நிலத்தை மீட்டுத் தரும்படி என்று இருக்கிறது. எங்கள் நிலம். காகிதம் இல்லாத நாற்பத்தொன்பது வீட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அன்றைக்கு அவர்கள் யாரும் எங்களோடு தாலுக்கா ஆபீசுக்கு வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. அதிகாரி அப்பாவை மட்டும் நிற்க வைத்துக் கேட்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புது மனு எழுதியிருக்கிறேன். அந்தச் சர்வே எண்ணில் இருக்கிற பஞ்சமி நிலம் முழுவதையும் எடுத்து, காகிதம் இருக்கிற வீடு, இல்லாத வீடு, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பாராமல் சேரியில் நிலமில்லாத எல்லாருக்கும் பிரித்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். போன வாரம் வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டாள், "எங்களுக்குத்தான் காயிதமே இல்லியேப்பா, எப்படிக் குடுப்பான்?"

நாங்கள் எல்லாரும் போவோம் அத்தை என்றேன். அவள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவளோடு சேர்த்து இதுவரை முப்பத்தேழு.